உரை எழுதியவர் எந்தப் பந்தியில் உட்கார்ந்தார்?

விக்கிரமசிங்கபுரம் உரைகாரர் ஊர். திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் பிறந்தது இங்கேதான். சிவஞானபோதத்துக்கு அவர் எழுதிய மாபாடியத்தைச் சைவர்கள் இன்றும் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறார்கள். முனிவர் 1785-இல் மறைந்தார். மாபாடியம் அச்சில் வந்ததோ 20-ஆம் நூற்றாண்டில். அதுவரை அது ஏடாக மடத்துக்குள்ளேயே இருந்தது. மூலநூல் பன்னிரண்டே சூத்திரம். யார் வேண்டுமானாலும் மனப்பாடம் பண்ணிவிடலாம். ஆனால் அதற்கு என்ன பொருள் என்பது மடத்தின் பெட்டிக்குள் இருந்தது. நூலை எல்லோருக்கும் கொடுத்துவிட்டுப் பொருளைச் சிலர் மட்டும் வைத்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டைச் சேரியிலிருந்து பார்க்கிற நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மடத்தைப் பற்றி எழுத வரவில்லை. நம் சபைகளைப் பற்றித்தான் எழுதுகிறோம். 1880களில் ஹார்வி கம்பெனி பாபநாசத்தில் மில் போட்ட பிறகு, மில்லை நம்பி இந்தப் பக்கம் வந்து குடியேறியவர்களில் கிறிஸ்தவர்களும் நிறைய. மேலே மலையில் தேயிலைத் தோட்டத்துச் சனம். கீழே தாமிரபரணிக் கரையின் வயல்காட்டுச் சனம். இந்த ஊர்களில் ஓய்வுநாள் பள்ளி நடத்துகிற, வீட்டுக்கூட்டத்தில் பேசுகிற தம்பி தங்கைகள் எங்களிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "அண்ணே, வேதாகமத்துக்கு ஒரு விளக்கவுரை வாங்கணும். காசு கொஞ்சம்தான் இருக்கு. எதை வாங்கலாம்?"

சின்னக் கேள்வி மாதிரி தெரியும். ஆனால் அந்தப் பிள்ளை வாங்கப்போகிற புத்தகம்தான் அடுத்த பத்து வருடத்துக்கு நம் தெருவில் நாற்பது குழந்தைகளுக்குக் கடவுள் யார், நாம் யார் என்று சொல்லப்போகிறது. கேள்வியைச் சரியாகக் கேட்டுப் பழக வேண்டும். பெரிய படிப்பு படித்தவரா, நம் சபைப் பிரிவுக்காரரா, அட்டை கெட்டியா என்று பார்க்கிறோம். இவர் எந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு இந்த உரையை எழுதினார் என்று பார்ப்பதில்லை.

பந்தி என்று நாங்கள் சொல்வது உவமைக்காக இல்லை. கலாத்தியர் நிருபம் இரண்டாம் அதிகாரத்தைப் பாருங்கள். அந்தியோகியா சபையில் யூதர் அல்லாதவர்களோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்ததும் மெல்ல எழுந்து விலகிக்கொள்கிறார். மற்ற யூதர்களும் அவர் பின்னாலே போகிறார்கள். பவுல் எல்லோர் முன்னாலும் பேதுருவின் முகத்துக்கு நேரே கண்டிக்கிறார். நெல்லைப் பக்கத்து அசனப் பண்டிகையில், உறவுக்காரர் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு வேறு வரிசைக்கு நகர்ந்து உட்காருகிற ஆளைப் பார்த்தவர்களுக்கு இந்த இடம் உடனே புரியும்.

உரைகாரர்களுக்கு மட்டும் புரியவில்லை. மூன்றாம் நூற்றாண்டு ஓரிகன் தொடங்கி ஒரு விளக்கம் வந்தது: அது நிஜச் சண்டை இல்லையாம். பேதுருவும் பவுலும் சனங்களுக்குப் பாடம் சொல்ல முன்கூட்டியே பேசிவைத்து நடத்திய நாடகமாம். பெத்லகேமில் இருந்த ஜெரோம் 386, 387 வாக்கில் எழுதிய கலாத்தியர் உரையில் இதையே சொன்னார். கிரேக்கத்தில் கிறிசோஸ்தோமும் அப்படியே. வட ஆப்பிரிக்காவிலிருந்து அகுஸ்தீன் கடிதம்மேல் கடிதம் எழுதிச் சண்டை போட்டார். அப்போஸ்தலன் பொய்யாக ஒன்றை எழுதி வைத்தான் என்று ஒப்புக்கொண்டால் பிறகு வேதத்தில் எதைத்தான் நம்புவது என்பது அவர் வாதம். வாதம் சரி. ஆனால் அவருக்கும் கவலை வேதத்தின் நம்பகத்தன்மை பற்றியது. எழுந்துபோன பேதுருவின் முதுகைப் பார்த்துக்கொண்டு இலைமுன் உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றி அந்தச் சண்டையில் பேச்சே அதிகம் இல்லை. ஆயிரம் வருடத்துக்குப் பிறகு லூத்தர் வந்து, ஜெரோம் சொன்னது தப்பு, பேதுரு நிஜமாகவே தவறினார் என்று ஓங்கி எழுதினார்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். அந்த லூத்தரின் பிள்ளைகள்தான் 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். கலாத்தியர் உரையை அவர்களைவிட நன்றாகப் படித்தவர்கள் அன்றைக்கு இந்தியாவில் யாரும் இருந்திருக்க முடியாது. அவர்கள் கட்டிய சபைகளில் வெள்ளாளருக்கு ஓர் இடம், பறையருக்கு ஓர் இடம் என்று தனித்தனியாகத்தான் உட்கார்ந்தார்கள். உரை ஒரு பக்கம், உட்காரும் பாய் ஒரு பக்கம். விசுவாசத்தால் மட்டுமே மீட்பு என்பதற்கு அந்த அதிகாரத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தவர்களுக்கு, அது சாப்பாட்டு இலை பற்றிய சண்டையிலிருந்து கிளம்பிய வாதம் என்பது கண்ணில் படவில்லை.

1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியுஸ் வேறு மாதிரி ஆள். ஜெர்மானியர், ஆனால் ஆங்கிலேய சிஎம்எஸ் மிஷனுக்காக வேலை செய்தவர். தன்னிடம் படிக்கிற பையன்கள் சாதி பாராமல் சேர்ந்து உண்ண வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். பழைய மொழிபெயர்ப்பை விட்டுவிட்டுப் புதிய ஏற்பாட்டை எளிய தமிழில் திருப்பினார். இரண்டும் ஒரே ஆள் செய்த வேலை என்பதைக் கவனியுங்கள். எதிர்த்தவர்களும் கவனித்தார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பாளையங்கோட்டையில் 1774-இல் பிறந்த வெள்ளாளக் கிறிஸ்தவர், பெரிய புலவர், அவர் பாட்டு இல்லாத சபை இன்றைக்கும் இல்லை, நம் சேரிச் சபைகள் உட்பட. அவர் புதிய மிஷனரிகள்மேல் வைத்த குற்றப்பட்டியலில் வேதத்தைத் திருத்தியது ஒன்று, சாதிகளை ஒன்றாகக் கலக்கச் சொன்னது ஒன்று, விசேஷங்களில் பூவை விலக்கியது ஒன்று, தமிழ் இசையைத் தடுத்தது ஒன்று. பூவிலும் பாட்டிலும் அவர் பக்கம் நியாயம் இருந்தது என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். ஆனால் பாட்டையும் பந்தியையும் ஒரே பண்பாட்டு மூட்டையாகக் கட்டி, ஒன்றைத் தொட்டால் இன்னொன்றும் போச்சு என்று காட்டிய சாமர்த்தியத்தை இன்றைக்கும் பார்க்கிறோம்.

1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதியை உடனே, முழுதாக விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் சாதிக் கிறிஸ்தவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். பின்னால் வந்த லைப்சிக் லூத்தரன் மிஷன், சாதியை அவசரப்பட்டு ஒழிக்கக் கட்டாயப்படுத்தக் கூடாது, அது சமூக வழக்கம்தான் என்று நிலை எடுத்தது. வெளியேறிய பலருக்கு அது வசதியாகப் போனது. ஒரே வேதம், இரண்டு மிஷன், இரண்டு உரை.

கத்தோலிக்கர் கதையும் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. வடக்கன்குளத்தில் கால்சட்டை மாதிரி இரண்டு கால் பிரிந்த கோயில் கட்டினார்கள். ஒரு பக்கம் வெள்ளாளர், ஒரு பக்கம் நாடார், நடுவே சுவர். 1910-இல் சுவர் இடிக்கப்பட்டது. தங்களுக்கென்று இருந்த இடம் போய்விட்டது என்று வெள்ளாளர் தரப்பு நீதிமன்றம் போய், சென்னை உயர் நீதிமன்றம் வரை நடத்தித் தோற்றது. அந்த இரண்டு காலிலும் பறையருக்கும் பள்ளருக்கும் எந்தக் கால் என்று கேட்டால் வரலாற்றுப் புத்தகங்கள் கொஞ்சம் திணறும்.

இதையெல்லாம் படித்த தோழர் ஒருவர் கேட்கக்கூடும்: உரை என்கிற வேலையே எதற்கு? அம்பேத்கர் 1936-இல் 'சாதி ஒழிப்பு' நூலில் இதைத்தான் உடைத்தார். சாஸ்திரத்துக்கு நல்ல பொருள் சொல்லிச் சாதியை ஒழித்துவிடலாம் என்ற ஆசையை அவர் ஏற்கவில்லை. சனங்கள் சாஸ்திரத்தை எப்படிப் புரிந்துகொண்டு நடக்கிறார்களோ அதுதான் கணக்கு, இலக்கணம் காட்டித் தப்பிக்க வேண்டாம், அதன் புனிதத்தையே தூக்கி எறியுங்கள் என்றார். கிறிஸ்தவ உரைகாரர்கள் எல்லோரும் இந்தப் பக்கங்களைப் படித்துவிட்டுப் பேனாவைத் தொட வேண்டும்.

ஆனால் நம் மரபில் இன்னொரு வழியும் உண்டு. அயோத்திதாசர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி, அதில் திருக்குறளுக்குத் தானே உரை எழுதினார். பரிமேலழகரிடம் அனுமதி கேட்கவில்லை. தன் தாத்தா கந்தப்பன் கொடுத்த ஏட்டிலிருந்துதான் குறள் எல்லிஸ் துரை கைக்குப் போனது என்று பதிவும் செய்தார். பௌத்தராக இருந்து அவர் சொன்ன பொருள்கள் எல்லாவற்றையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. சொல்லின் பொருளைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று ஒரு பறையர் உட்கார்ந்து எழுதினாரே, அது போதும். நம் தெருவில் ஞாயிறுதோறும் வேதம் படிக்கப்படும்வரை யாரோ அதற்குப் பொருள் சொல்லிக்கொண்டுதான் இருப்பார்கள். அந்த இடத்தைக் காலியாக விட நாம் தயாராக இல்லை.

சரி, கடையில் நின்று புத்தகத்தைக் கையில் எடுத்தால் எங்கே திறப்பது? யோவான் நான்காம் அதிகாரத்தை நாங்கள் திறப்போம். கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் இயேசு தண்ணீர் கேட்கிறார். யூதருக்கும் சமாரியருக்கும் ஒட்டுறவு இல்லை என்று அங்கே ஒரு குறிப்பு வருகிறது. நம் பழைய மொழிபெயர்ப்பில் அதற்குச் 'சம்பந்தம்' என்ற சொல் இருக்கிறது. தமிழ்க் காதுக்குச் சம்பந்தம் என்றால் கொடுத்தல் எடுத்தல், கல்யாண உறவு. ஆனால் 1950-இல் டேவிட் டௌபே என்கிற யூத அறிஞர் அந்தக் கிரேக்க வினைச்சொல்லை ஆராய்ந்து, ஒரே பாத்திரத்தைச் சேர்ந்து புழங்குவதையே அது குறிக்கிறது என்று எழுதினார். சமாரியர் தொட்ட பாத்திரம் யூதருக்குத் தீட்டு. அதனால்தான் அந்தப் பெண் திகைக்கிறாள். எல்லா அறிஞர்களும் ஒப்பவில்லை. ஆனால் எளிய ஆங்கிலத்தில் வந்த குட் நியூஸ் பைபிள் கிண்ணம், கோப்பை என்றே மொழிபெயர்த்துவிட்டது.

டீக்கடையில் தனிக்குவளை பார்த்த ஊர்க்காரர்களுக்கு இந்த ஒரு தகவல் எவ்வளவு பெரிய விஷயம்! இயேசு மொண்டு குடிக்கத் தன்னிடம் பாத்திரம் இல்லாமல், அவள் பாத்திரத்தில் குடிக்கக் கேட்கிறார். எத்தனை உரைகள் இதை விட்டுவிட்டு, அவளுக்கு ஐந்து புருஷன் என்பதிலேயே நாலு பக்கம் ஓட்டுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். அவளை நடத்தை கெட்டவள் என்று சொல்வதில் உரைகாரருக்கு இருக்கிற வேகம் குடத்தைப் பார்ப்பதில் இல்லை. பாத்திரத்தைப் பற்றி ஒரு வரியாவது சொல்லியிருந்தால் அந்தப் புத்தகத்தைக் கீழே வைக்காதீர்கள்.

அடுத்தது ஆதியாகமம் ஒன்பதாம் அதிகாரம், நோவாவின் சாபம். மூலத்தில் சாபம் விழுவது காம் மேல் இல்லை, அவன் மகன் கானான் மேல். ஆனாலும் காமின் வம்சம் முழுவதும் அடிமை என்று பொருள் சொல்லித்தான் ஆப்பிரிக்கரைக் கப்பலில் ஏற்றினார்கள். 1909-இல் அமெரிக்காவில் வந்த ஸ்கோஃபீல்டு வேதாகமம், காமிலிருந்து தாழ்ந்த, ஏவல் செய்கிற சந்ததி வரும் என்ற தீர்க்கதரிசனம் இது என்று குறிப்பு எழுதியது. வேத வசனத்துக்குக் கீழே, அதே பக்கத்தில், அதே அச்சுத் தரத்தில்! படிக்கிற எளிய மனிதர் வசனம் எது, ஸ்கோஃபீல்டு எது என்று எப்படிப் பிரிப்பார்? 1967 பதிப்பில் அந்தக் குறிப்பைத் திருத்தினார்கள். பழைய பதிப்புகள் காப்புரிமை முடிந்து இலவசமாகக் கைபேசியில் கிடைக்கின்றன. இலவசமாகக் கிடைக்கிற உரைகள் பெரும்பாலும் நூறு, இருநூறு வருடம் பழையவை, அதனால்தான் இலவசம். பிறவியிலேயே தாழ்ந்தவன் என்ற மனு தர்மத்தை விட்டு ஓடிவந்த நம் பிள்ளைகளுக்கு அதையே காமின் பேரில் மறுபடி ஊட்டிவிடக் கூடாது.

பழையது என்பதால் எல்லாம் கெட்டதும் இல்லை. மெதடிஸ்டு உரைகாரர் ஆடம் கிளார்க் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியவர். ஏசாயா 58-இல் உபவாசம் பற்றி வரும்போது, அடிமை வியாபாரம் நடத்துகிற தேசம் எந்த முகத்தோடு உபவாச நாள் அறிவிக்கிறது என்று தன் சொந்த நாட்டைச் சாடுகிறார். அதுவும் இலவசமாகத்தான் கிடைக்கிறது. காலத்தைச் சாக்காகச் சொல்லி யாரையும் மன்னிக்க வேண்டாம் என்பதற்குக் கிளார்க் ஓர் அத்தாட்சி.

மத்தேயு 20-க்கு வருவோம், திராட்சைத் தோட்டத்துக் கூலிக்காரர் கதை. விடியலில் வந்தவனுக்கும் சாயந்திரம் வந்தவனுக்கும் ஒரே கூலி. வழக்கமான உரை, தோட்டக்காரர் கடவுள், கூலி கிருபை, முணுமுணுத்தவன் பொறாமைக்காரன் என்று முடித்துவிடும். இதை மாஞ்சோலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் முன்னால் பிரசங்கிக்க வேண்டும் என்றால் கொஞ்சம் நாக்குத் தடுமாற வேண்டும். 1999 ஜூலை 23 அன்று அந்தத் தோட்டத் தொழிலாளருக்காக, கூலி உயர்வும் கைதானவர்களின் விடுதலையும் கேட்டு நெல்லையில் கலெக்டர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனார்கள். போலீஸ் தடியடியில் சனம் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டது. 17 பேர் செத்தார்கள், கைக்குழந்தை உட்பட. முணுமுணுத்தவன் கெட்டவன் என்று அந்தக் குடும்பங்களிடம் யார் சொல்வது?

அமெரிக்க அறிஞர் வில்லியம் ஹெர்சாக் 1994-இல் எழுதிய உவமைகள் பற்றிய நூலில், தோட்டக்காரர் கடவுள் இல்லை, ஒரு பெரிய நிலக்கிழார் என்று எடுத்துப் படிக்கிறார்; சந்தையில் வேலையின்றி நிற்கிற சனமும், கூலியைத் தன் இஷ்டப்படி தீர்மானிக்கிற முதலாளியும்தான் கதை என்கிறார். எங்களுக்குள்ளேயே இதில் கருத்து ஒன்றில்லை. கடைசியில் வந்தவனுக்கும் வயிறு உண்டு, அதனால் முழுக்கூலி கொடுத்தது நியாயம்தானே என்று கேட்கிற வயதான அம்மாக்கள் உண்டு. ஆயுசுக்கும் கூலிக்கு உழைத்தவர்கள் சொல்வதை லேசாகத் தள்ள முடியாது. ஆனால் கூலி என்றால் கூலிதான் என்று ஒரு நிமிடமாவது நிற்காமல் நேரே பரலோகத்துக்குத் தாவுகிற உரையை வாங்க வேண்டாம்.

மாற்கு ஏழில் சீரோபெனிக்கியப் பெண்ணிடம் நாய் என்ற சொல் வருகிறது. அது செல்லமான நாய்க்குட்டி என்று பொருள்படும் கிரேக்கச் சொல், ஆகவே வசை இல்லை என்று உரைகள் சமாளிக்கும். அந்த வார்த்தையால் அழைக்கப்பட்டவர்களிடம் குட்டி என்று சேர்த்தால் வலி குறையுமா என்று கேட்டிருக்கலாம். சுரேகா நெலவாலா என்கிற தலித் பெண் அறிஞர் 2006-இல் இதே பகுதிக்கு எழுதிய வாசிப்பில், பதில் சொல்லி வாதத்தில் ஜெயித்த அந்தப் பெண்ணின் கூர்மையைத்தான் முன்னால் வைக்கிறார்.

இப்படிப் படிப்பது நேற்று முளைத்தது இல்லை. 1981-இல் பெங்களூரில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரையிலிருந்து தலித் இறையியல் என்ற பேச்சு எழுந்தது. உபாகமம் 26-இல் தங்கள் முன்னோர் அலைந்து திரிந்த அற்பசனம் என்று இஸ்ரவேலர் அறிக்கை செய்வதைத் தலித்துகளின் விசுவாச அறிக்கையாக அவர் எடுத்தார். நாம் யாராக இருந்தோம் என்பதை மறைத்தால் விடுதலை என்ற சொல்லுக்குப் பொருளே இல்லை என்பது அதன் சாரம். ஞானஸ்நானத்தோடு பழைய தெருப் பெயரை மறைத்துக்கொள்ளச் சொல்லிக்கொடுத்த சபைகளுக்கு இது கசந்தது. 1950 ஜனாதிபதி ஆணையோ மதம் மாறியவரைத் தலித் பட்டியலிலிருந்து நீக்கியிருந்தது; சபைக்குள்ளே மட்டும் பட்டியல் அப்படியே இருந்தது.

மதுரை அரசரடியில் 1969-இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு, எல்லோருக்கும் 'பரட்டை', வழிபாட்டையே கிராமத்துப் பேச்சில் எழுதினார். ஒரே உலையில் பொங்கி எல்லோரும் தின்பது அவருக்கு இறையியல். 2005-இல் அவர் மறையும்வரை பறையையும் பாட்டையும் வைத்துக்கொண்டு அவர் செய்தது ஓர் உரைதான், அட்டை போடாத உரை. ஜேம்ஸ் மாஸேயும் டி. கே. ஜானும் பதிப்பித்த தலித் வேதாகம விளக்கவுரை டெல்லியிலிருந்து ஆங்கிலத்தில் வந்தது. 2015-இல் தெற்காசியர்களே எழுதிய ஒற்றைத் தொகுதி விளக்கவுரை வந்தது. வந்தபோது இரண்டும் ஆங்கிலப் படிப்புள்ளவர் கைக்கே எட்டின; ஓய்வுநாள் பள்ளித் தங்கைக்குத் தூரமாக இருந்தன.

ஆகவே, காசு கொஞ்சம்தான் இருக்கிறது என்றால், இருபது தொகுதி செட்டுக்குப் போகாதீர்கள். ஒன்றுக்கொன்று சண்டை போடுகிற இரண்டு உரை வாங்குங்கள். ஒரே உரையை மட்டும் வைத்திருப்பவர் கொஞ்ச நாளில் அதையே வேதம் என்று நினைத்துவிடுவார். இரண்டு சேகரம் சேர்ந்து ஒன்றாக வாங்கி மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். முதல் பக்கத்தில் எந்த ஆண்டு, எந்த ஊர் என்று பாருங்கள். மூன்றாவதாக ஒரு நோட்டு வேண்டும். அமெரிக்காவில் ஹோவர்டு தர்மன் 1949-இல் எழுதிய நூலில், அடிமையாகப் பிறந்த தன் பாட்டி பவுலின் நிருபங்களைத் தனக்கு வாசிக்க விடவே மாட்டார் என்று எழுதுகிறார். அன்பைப் பற்றிய அதிகாரம் மட்டும் விதிவிலக்கு. அடிமைகள் எஜமானுக்குக் கீழ்ப்படியுங்கள் என்றே அந்தப் பாட்டி காலமெல்லாம் வெள்ளைக்காரப் போதகரிடம் கேட்டிருந்தார். எழுத்து அறியாத அந்தப் பாட்டி செய்தது உரைகாரர் வேலை. மில் லயனிலும் தோட்டத்து லயனிலும் நம்மிடமும் அப்படிப்பட்ட பாட்டிகள் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு வசனத்தைக் கேட்டு முகம் சுளிக்கிறபோது என்ன சொன்னார்கள் என்று அந்த நோட்டில் எழுதி வையுங்கள்.

அடுத்த அசனத்துக்கு முன்னால் கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தைப் பாடமாக எடுக்கிறவர்கள், எந்த உரையை வைத்து எடுத்தீர்கள், அதில் பேதுருவுக்கு என்ன சாக்குச் சொல்லியிருந்தது என்று எங்களுக்கு எழுதுங்கள்.